சாவு வீட்டில் எடுத்த கல்யாணப் படம்

யாராவது உங்களிடம் வந்து, "மூஞ்சியைப் பார்த்தாலே மனசுல இன்னா இருக்குன்னு சொல்லிடுவேன்" என்று பெருமை பேசினால், தயவுசெய்து அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். மனுஷர்கள் பார்ப்பது மூஞ்சியை இல்லை. அந்த மூஞ்சி எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதைத்தான். கோயிலில் கண்ணை மூடினால் பக்தி, ஆபீசில் மூடினால் தூக்கம். மூடுகிற கண் என்னவோ ஒன்றுதான். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. என்னுடைய ஒரே ஒரு மூஞ்சியை வைத்து இரண்டு குடும்பங்களைக் கலங்கடித்துத் தெரிந்துகொண்டேன்.

எழுபதுகளின் ஆரம்பம். ராயபுரத்தில் ஒரு சந்துக்குள் எங்கள் வீடு. ஒரே வாசல், இரண்டு குடித்தனம். முன்கட்டில் பெரியப்பா, பெரியம்மா, அவர்களுடைய இரண்டு பையன்கள். பின்கட்டில் நைனா, அம்மா, நான். நைனா ஹார்பரில் சரக்கு மூட்டை எண்ணுகிற குமாஸ்தா. பெரியப்பா அதே ஹார்பரில் சரக்கு தூக்குகிற வின்ச் ஓட்டினார். நான் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணிவிட்டு வேலைக்குக் காத்துக்கொண்டிருந்தேன். காத்துக்கொண்டிருந்தேன் என்பது வெளியில் சொல்வதற்கு. (நெஜத்தச் சொல்லணும்னா, சிரிச்சிகினு இருந்தேன்.)

எனக்குச் சிரிப்பு ஒரு வியாதி. பூசையில் சாமியார் தும்மினால் சிரிப்பேன். நைனா திட்டும்போது அவர் மீசையில் ஒட்டியிருக்கிற சோற்றுப் பருக்கையைப் பார்த்துச் சிரிப்பேன். சிரிக்காதே என்று யாராவது சொல்லிவிட்டால் போச்சு, அன்றைக்குப் பூராவும் அடங்காது. அதனால் அம்மா என்னைத் துக்கம் விசாரிக்கப் போகும் இடத்துக்கெல்லாம் கூட்டிப் போகமாட்டாள். ஆனால் துக்கம் சொந்த வீட்டுக்கே வந்தால் என்னை எங்கே கொண்டுபோய் ஒளித்துவைப்பது?

பெரியப்பா மாரடைப்பில் போனார். அவரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த மனுஷர் ஒரு இடத்தில் சேர்ந்தாற்போல இரண்டு நிமிஷம் சும்மா இருந்ததை யாரும் பார்த்ததில்லை. நின்றுகொண்டே சாப்பிடுவார். பூசையில் முட்டி போட்டிருக்கும்போதே திரும்பித் திரும்பி யார் யார் வந்திருக்கிறார்கள் என்று எண்ணுவார். தூக்கத்திலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும் என்று பெரியம்மா சொல்வாள். இதனால் அவர் எந்தப் போட்டோவிலும் ஒழுங்காக விழுந்ததில்லை. அந்தக் காலத்துக் காமிராவுக்கு ஆள் அசையாமல் நிற்க வேண்டும். அவர்களுடைய கல்யாணப் போட்டோவில் பெரியம்மா கண், மூக்கு, தோடு எல்லாம் தெளிவாக நிற்கிறாள். பக்கத்தில் ஒரு கோட்டு நிற்கிறது. கோட்டுக்கு மேலே கொஞ்சம் புகை. அதுதான் பெரியப்பா.

எங்கள் கத்தோலிக்க ஜனங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சவப்பெட்டியை மூடிக் கோயிலுக்கு எடுப்பதற்கு முன்னால் குடும்பத்தோடு ஒரு போட்டோ எடுப்பார்கள். பெட்டியின் தலைப்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி வைத்து, இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி ஏற்றி, சுற்றிலும் சொந்தக்காரர்கள் நிற்க வேண்டும். எடுப்பவர் கண்ணையா. ஞானஸ்நானமோ, புதுநன்மையோ, கல்யாணமோ, சாவோ, எங்கள் பேட்டையில் எது நடந்தாலும் மூன்று கால் ஸ்டாண்டையும் கறுப்புத் துணியையும் தூக்கிக்கொண்டு வருகிறவர் அவர்தான்.

அன்றைக்கு முன்வரிசையில் பெட்டியின் தலைமாட்டில் பெரியம்மா உட்கார்ந்திருந்தாள். அவளைத் தாங்கிப் பிடித்தபடி நான், தலையில் முக்காடு போட்டுக்கொண்டு. பின்னால் இருபது பேர் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். கண்ணையா துணிக்குள் போனார், வெளியே வந்தார். மறுபடியும் போனார், மறுபடியும் வந்தார். அழுகைச் சத்தத்தில் அவர் சொல்வது யார் காதிலும் விழவில்லை. கடைசியில் முன்வரிசைக்குக் கிட்டே வந்து குனிந்து, அலுத்துப்போன குரலில் சொன்னார்:

"ஏம்மா, இப்டி ஆடிகினே இருந்தா நான் இன்னாத்த எடுக்கிறது? மூஞ்சியெல்லாம் கலைஞ்சி பூடும். இங்க அண்ணாத்த ஒருத்தர்தான் ஆடாம கீறாரு. அவரைப் பாத்து அதே மாரி இருங்க."

அவர் கிண்டலுக்குச் சொல்லவில்லை. பாவம், தொழில் கஷ்டத்தைச் சொன்னார். ஆனால் பெரியப்பாவைப் பார்த்து ஆடாமல் இருக்கக் கற்றுக்கொள்ளச் சொன்னது உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

எனக்கு அடிவயிற்றிலிருந்து கிளம்பிவிட்டது. மாதாவே, இப்போது வேண்டாம் என்று உதட்டை உள்ளே இழுத்துக் கடித்தேன். முகவாய் நெஞ்சில் இடிக்கிற அளவுக்குத் தலையைக் குனிந்தேன். கண்ணைத் தரையில் நட்டேன். மூக்கு விரிந்தது. கன்னம் துடித்தது. அடக்கிய வேகத்தில் கண்ணில் தண்ணீரும் கோத்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்துத்தான் கண்ணையா படத்தை எடுத்தார்.

ஒரு வாரத்தில் படம் வந்தது. வாழ்க்கையிலேயே முதல் தடவையாகப் பெரியப்பாவின் முகம் தெளிவாக விழுந்திருந்தது. மூக்கில் இருந்த சின்ன மச்சம்கூடத் தெரிந்தது. பையன்கள் இருவரும் ரேஷன் கார்டுக்கு நிற்பதுபோலக் காமிராவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நான்.

பெரியம்மா படத்தின் மேல் விரலை வைத்து என் முகத்தைத் தடவினாள்.

"என் வவுத்துல பொறந்தது ரெண்டும் பராக்குப் பாத்துகினு நிக்குது. எங்க பிலோவைப் பாரு. பெத்த அப்பனுக்கு அழுவுற மாரி அழுவுது. அவரு மேல இவ்ளோ பாசம் வெச்சிருந்தியாடி?"

அந்த நிமிஷத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்து ஓவென்று அழுதாள். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

அதோடு விட்டாளா? காசிமேட்டிலிருந்து மீன் வாங்கிக் குழம்பு வைக்கிற நாளெல்லாம் மீன் தலை என் தட்டுக்கு வர ஆரம்பித்தது. அதுவரை அந்தத் தலை பெரியப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு வருஷம் அதை நான் சாப்பிட்டேன். மனசு உறுத்தத்தான் செய்தது. ஆனால் ஒரு நாளும் மிச்சம் வைக்கவில்லை.

இதற்கிடையில் எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள். கண்ணையாவின் ஸ்டூடியோவில் போட்டோ எடுத்தோம். "பாப்பா, சிரிக்காம இரு" என்றார். முடிந்தது கதை. முப்பத்திரண்டு பல்லும் தெரிய ஒரு படம். அந்தப் படம் மூன்று வீடுகளுக்குப் போய் மூன்று வீடுகளிலிருந்தும் திரும்பி வந்தது. மூன்றாவது வீட்டார் சொல்லி அனுப்பியதைத் தரகர் சூசை அப்படியே ஒப்பித்தார்: "பொண்ணு லட்சணமாத்தான் கீது. ஆனா இந்த இளிப்பு குடும்பத்துக்கு ஆவாதுன்னுட்டாங்க."

நைனா நொந்துபோய்க் கண்ணையாவிடம் போனார். கண்ணையா கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாப்பா சிரிக்காத மூஞ்சி எங்கிட்ட ஒண்ணு கீதே" என்றார்.

அவர் எந்த மூஞ்சியைச் சொன்னார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். நைனாவும் முதலில் சிலுவை போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிட்டாராம். ராத்திரியெல்லாம் புரண்டுவிட்டு, மறுநாள் காலையில் சரி என்றார். கண்ணையா நெகட்டிவை எடுத்து, என் முகத்தை மட்டும் தனியாக வெட்டிப் பெரிசாக்கி, பெட்டியையும் மெழுகுவர்த்தியையும் மாலையையும் பிரஷ்ஷால் அழித்து, பின்னால் மேகம் போட்டார். முக்காடு அப்படியே இருக்கட்டும், பாந்தமாக இருக்கிறது என்றார்.

படம் திருவொற்றியூரில் ஒரு வீட்டுக்குப் போனது. பையன் பெயர் சேவியர். எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் லேத் வேலை. அப்பா இல்லை. அம்மா ஞானம்மாதான் எல்லாம். படத்தைப் பார்த்ததும் ஞானம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாராம். "மாதா சுரூபம் மாரி கீது. இந்தக் காலத்துல இப்டி ஒரு வெக்கமா, இப்டி ஒரு அடக்கமா" என்று கைப்பையில் வைத்துக்கொண்டு தெருப் பூராவும் காட்டினாராம்.

அவர்களும் பையன் போட்டோவை அனுப்பினார்கள். தொழிற்சாலை பாஸுக்கு எடுத்த படம் போலிருந்தது, கல்லாக உட்கார்ந்திருந்தார். ஆனால் ஒரு காது மட்டும் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு, யாராவது ஏதாவது வேடிக்கையாகச் சொல்ல மாட்டார்களா என்று கேட்கக் காத்திருப்பதுபோல இருந்தது. எனக்கு அந்தக் காதைப் பிடித்துவிட்டது. இந்த மனுஷனை மட்டும் விட்டுவிடக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை. போட்டோவை டைப்ரைட்டிங் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் புதுப் பிரச்சினை கிளம்பியது. அவர்கள் போட்டோவில் பார்த்த மூஞ்சியோடு நான் வந்து நிற்க வேண்டும். அந்த மூஞ்சியை நான் வாழ்க்கையில் ஒரே தடவைதான் வைத்திருக்கிறேன். ஒரு வாரம் கண்ணாடி முன்னால் பழகினேன். உதட்டை மடித்தேன், தலையைக் குனிந்தேன். வரவில்லை. பல்வலிக்காரி மாதிரி இருந்தது. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். கண்ணையா சொன்னதை மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்க்க வேண்டும். 'அண்ணாத்த ஒருத்தர்தான் ஆடாம கீறாரு.' சிரிப்பு கிளம்பும். அதை அமுக்க வேண்டும். அப்போது அச்சாக அந்த மூஞ்சி வந்தது. (புத்திசாலின்னு நெனச்சிகினேன். இருபத்திரண்டு வயசுக் கழுதை.)

அடுத்தது சுவர். பெரியம்மா வீட்டு முன்கூடம்தான் பெரிசு, அதனால் பெண் பார்ப்பது அங்கே. அந்தக் கூடத்தின் நடுச்சுவரில்தான் பெரியப்பாவின் கடைசி போட்டோ, சட்டம் போட்டு, முழுசாக, பெட்டியோடும் என் மூஞ்சியோடும் தொங்கிக்கொண்டிருந்தது. நைனா கழற்றச் சொன்னார். பெரியம்மா முடியவே முடியாது என்றாள்.

"அவரு மூஞ்சி வேற எந்தப் படத்துல தம்பி கீது? அவரு பாக்காம இந்த வூட்டுல ஒரு நல்ல காரியமா?"

பெரியம்மா அடுப்படிக்குப் போன நேரம் பார்த்து, கோயிலில் கொடுத்த புது வருஷக் காலண்டரை அதே ஆணியில், போட்டோவை மறைத்து மாட்டிவிட்டார் நைனா. மேலே பெரிய மாதா படம், கீழே பன்னிரண்டு மாசமும். மாதாவே வந்து நின்றால் பெரியம்மாவால் என்ன சொல்ல முடியும்? திரும்பி வந்து பார்த்தவள் வாயைத் திறக்காமல் காலண்டரைத் தொட்டு, விரலை உதட்டில் வைத்து முத்தி செய்துவிட்டுப் போனாள்.

எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. ஞானம்மா பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் சேவியர், இன்னொரு பக்கம் தரகர் சூசை. நான் காப்பித் தட்டோடு வந்து, மனசுக்குள் கண்ணையாவைக் கூப்பிட்டு, அந்த மூஞ்சியை வைத்துக்கொண்டேன். ஞானம்மா உருகிவிட்டார்.

"பாருங்க, வெக்கத்துல கன்னம் எப்டித் துடிக்குது. போட்டோவுல கீற மாரியே கீதே."

சேவியர் காப்பியைக் கையில் வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிடித்துவிட்டது, கல்யாணம் நடந்துவிடும் என்று சந்தோஷத்தில் இன்னும் கொஞ்சம் தலையைக் குனிந்தேன்.

பேச்சு தேதிக்கு வந்தது. அங்கேதான் நைனாவின் மூளை கவிழ்ந்தது. எங்கள் கோயிலில் ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலத்தில் கல்யாணம் கிடையாது. அது தொடங்குகிற விபூதி புதனுக்கு முன்னால் முடித்தாக வேண்டும். அதற்கும் முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க வேண்டும். இத்தனையும் எண்ணிப் பார்க்காமல் எங்கள் ஜனங்கள் யாரும் கல்யாணத் தேதி சொல்லமாட்டார்கள். எண்ண வேண்டுமென்றால் காலண்டர் வேண்டும். கல்யாணம் பேச வருகிறவர்கள் கண்டிப்பாகக் கேட்கப்போகிற ஒரே பொருளை எடுத்து நைனா சாவுப் படத்தை மறைத்திருந்தார்.

"அதோ காலண்டரு கீதே" என்றார் ஞானம்மா. "எழுத்து பொடிசா கீது. சேவியரு, அதக் கயட்டிக் கிட்டக் கொண்டா."

நைனா பாதி எழுந்தார். அம்மா அடுப்படி வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். உயரமான மனுஷர் சேவியர் ஒரே எட்டில் போய்க் காலண்டரைக் கழற்றினார். கழற்றியவர் அப்படியே நின்றார். அவருக்கு நேராக, ஒரு முழத் தூரத்தில், பெரியப்பா படுத்திருந்தார். பெரியப்பா பக்கத்தில், அவர் அம்மா சொன்ன அதே மாதா சுரூபம்.

ஞானம்மா சுவரைப் பார்த்தார். கைப்பையைத் திறந்து போட்டோவை எடுத்துப் பார்த்தார். மறுபடியும் சுவரைப் பார்த்தார்.

"அண்ணே, சாவு வூட்டு மூஞ்சியை வெட்டியா எம் புள்ளைக்குப் பொண்ணு காமிச்சீங்க?"

நைனா "அது வந்து, கண்ணையாதான்..." என்று ஏதோ இழுத்தார். ஞானம்மா கேட்கவில்லை. "நானும் அப்பவே பாத்தேன். கண்ணுல களையே இல்ல. ஒதட்டுல ஒரு இருட்டு. அம்மாடி, இத்தப்போய் மாதா படத்தாண்ட வெச்சி மெழுகுவர்த்தி ஏத்தினேனே." ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் அதே கண், அதே உதடு. அப்போது வெட்கம் சொட்டிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் பெரியம்மா எனக்காகப் பரிந்துகொண்டு முன்னால் வந்தாள். அவள் வராமல் இருந்திருக்கலாம்.

"இதுல இன்னா கொறையக் கண்டீங்க? அது எம் புருசனுக்காக அழுத மூஞ்சி. நான் பெத்ததுங்ககூட அப்டி அழுவலை. பெரியப்பனுக்கே இப்டி அழுவுற பொண்ணு, நாளைக்கு உங்களை எப்டி வெச்சித் தாங்கும்?"

"அழுத மூஞ்சியோடவா எங்க வூட்டுல வெளக்கேத்த வரணும்?" என்று ஞானம்மா எழுந்துவிட்டார். "இன்னும் ஓலைகூட வாசிக்கலை. அதுக்குள்ள கண்ணீரா? வா சேவியரு, போலாம்."

சேவியர் காலண்டரைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். முகத்தில் ஒன்றுமே இல்லை. நான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தேன். அழவில்லை என்று சொன்னால் இவர் கிடைப்பார். பெரியம்மா போய்விடுவாள். சும்மா இருந்தால் பெரியம்மா இருப்பாள், இவர் வாசலைத் தாண்டிவிடுவார். யோசித்துப் பேசுகிற பெண்ணாக இருந்தால் அந்த நேரத்தில் மயங்கி விழுந்திருப்பாள். எனக்கு அது தோன்றவில்லை.

"நான் அழுவலை" என்றேன். "சிரிப்பை அடக்கிகினு இருந்தேன்."

ஞானம்மா திரும்பினார். "பொணத்தாண்ட குந்திகினு சிரிச்சியா? அப்டி இன்னா சிரிப்பு?"

வேறு வழியில்லை. சொன்னேன். கண்ணையா துணிக்குள் போனது, வந்தது, போனது, வந்தது, கடைசியில் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். "அண்ணாத்த ஒருத்தர்தான் ஆடாம கீறாரு, அவரைப் பாத்து அதே மாரி இருங்க" என்று முடித்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் எனக்குக் கன்னம் துடித்தது.

யாரும் சிரிக்கவில்லை. சேவியர் காலண்டரை நைனாவின் கையில் கொடுத்துவிட்டு, என் பக்கம்கூடத் திரும்பாமல் விறுவிறுவென்று கொல்லைப்பக்கம் போய்விட்டார். அவ்வளவு அருவருப்பு, என் மூஞ்சியைப் பார்க்கக்கூடப் பிடிக்கவில்லை என்று புரிந்துகொண்டேன். பெரியம்மா என்னைப் பார்த்தாள்.

"இத்தச் சொன்னானா அவன்? நானும் அங்கதானே குந்திகினு இருந்தேன். எனக்கு ஒண்ணும் காதுல ஏறலையே." அப்புறம் சுவரில் இருந்த பெரியப்பாவைப் பார்த்தாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கியது. அப்படியே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மா அழ ஆரம்பித்தாள். நைனா என்னை அடிக்கக் கை ஓங்கி, கையில் மாதா காலண்டர் இருந்ததால் இறக்கிக்கொண்டார்.

"நாங்க சொல்லி அனுப்புறோம்" என்று ஞானம்மா படி இறங்கினார். சொல்லி அனுப்புகிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று மூன்று வீடுகள் எங்களுக்கு ஏற்கெனவே கற்றுக்கொடுத்திருந்தன. கொல்லைப்பக்கமாகச் சுற்றி வந்து சேவியரும் சேர்ந்துகொண்டார். கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது. கோபம் என்றார் நைனா. அவமானம் என்றாள் அம்மா. நான் டைப்ரைட்டிங் புத்தகத்தைத் திறந்து அந்தக் காதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் நான் நெஜமாக அழுதேன். அதை யாரும் படம் எடுக்கவில்லை.

அன்று மத்தியானம் மீன் தலை பெரியம்மாவின் பெரிய பையன் தட்டுக்குப் போனது. பெரியம்மா என்னோடு பேசவில்லை. நல்லது கெட்டது ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. இரண்டு வருஷமாக அவளுக்கு இருந்த ஒரே ஆறுதலை ஒரு காப்பி ஆறுவதற்குள் பிடுங்கிப் போட்டுவிட்டேன்.

புதன்கிழமை சூசை வந்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றாமல் நின்று, "தேதி வையுங்க" என்றார். எங்களுக்குப் புரியவில்லை.

நடந்தது இதுதான். சேவியர் கொல்லைக்குப் போனது அருவருப்பில் இல்லை. சிரிப்பு தாங்காமல். அடிபம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, சத்தம் வெளியே வராமல் வாயில் கைக்குட்டையைத் திணித்துக்கொண்டு சிரித்திருக்கிறார். பெண் பார்க்க வந்த வீட்டின் கொல்லையில் ஒரு வாலிபன் குலுங்கிக் குலுங்கி நின்றால், பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? தண்ணீர் பிடிக்க வந்த பக்கத்து வீட்டு அமலி அக்கா குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாராம். "பொண்ணு வேணாம்னுடுச்சா தம்பி? போனாப் போவுது, அழுவாத. ஊர்ல வேற பொண்ணா இல்ல?" என்று ஒரு சொம்பு தண்ணீரும் கொடுத்தாராம். அந்த ஆறுதலைக் கேட்டு அவருக்குச் சிரிப்பு இன்னும் அதிகமாக, அக்கா இன்னும் தடவ, கண் சிவந்ததற்கு அதுதான் காரணம்.

"வூட்டுக்குப் போயும் அடங்கல" என்றார் சூசை. "சோத்துல கைய வெச்சா சிரிக்கிறான். படுத்தா சிரிக்கிறான். அவங்கப்பா போனதுலேருந்து எம் புள்ள சிரிச்சி நான் பாத்ததில்ல, அந்தப் பொண்ணு மூஞ்சி எப்டி இருந்தா எனக்கின்னா, கூட்டியாங்கன்னு ஞானம்மா அழுவுது."

என் மூஞ்சியை ஊரே தப்பாகப் படித்தது என்று மூன்று நாளாக ஊரைச் சபித்துக்கொண்டிருந்தேன். நான் மட்டும் அவர் மூஞ்சியை என்ன லட்சணத்தில் படித்தேன்? அந்தச் சங்கடத்திலும் சந்தோஷத்திலும் அடுப்படிக்குள் ஓடினேன். (சிரிச்சிகினேதான்.)

விபூதி புதனுக்கு முன்னால் கல்யாணம் முடிந்தது. மாமியார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார், கண்ணையா வரக்கூடாது. திருவொற்றியூரிலிருந்து வேறு ஆளைக் கூட்டி வந்தார்கள். பெரியம்மா கல்யாணத்துக்கு வந்தாள், நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வாதம் செய்தாள். ஆனால் பேசவில்லை.

அந்த வருஷம் நவம்பரில் கல்லறைத் திருநாளுக்குக் காசிமேட்டுக் கல்லறைக்குப் போனோம். பூ போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, மற்றவர்கள் அடுத்த கல்லறைக்கு நகர்ந்துவிட்டார்கள். பெரியம்மா என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் முட்டி போட வைத்தாள். பத்து மாசத்துக்கு அப்புறம் முதல் தடவையாகப் பேசினாள்.

"அந்தக் கண்ணையா இன்னா சொன்னான்? இன்னொரு தபா சொல்லு."

நான் பயந்துகொண்டே சொன்னேன். முக்காட்டுக்குள் அவள் தோள் குலுங்கியது.

"நாப்பது வருசம் ஒரு எடத்துல குந்தாத மனுசன். அவரைப் பாத்துக் கத்துக்கணுமாமா?" மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "அன்னிக்கு உள்ள போய் இன்னா பண்ணேன்னு நெனச்ச? மொதல்ல உன்னைத் திட்டி அழுதேன். அப்புறம் நெனச்சிப் பாத்து சிரிச்சேன். அதுக்கப்புறம் எது எதுன்னு எனக்கே தெரியலடி."

அதற்குப் பிறகு வருஷா வருஷம் அது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு சடங்காகிவிட்டது. எல்லோரும் ஜெபம் சொல்லி முடித்துப் போனதும், "சொல்லு" என்பாள். நான் சொல்வேன். இரண்டு பேரும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கல்லறையின் மேல் கையை ஊன்றிக் குலுங்குவோம். போகிறவர்கள் வருகிறவர்கள் நின்று, "பாவம், எத்தினி வருசமாச்சி, இன்னும் மனசு ஆறலை பாரு" என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போவார்கள். ஒரு தடவை ஒரு கன்னியாஸ்திரி அம்மா எங்களுக்காக அங்கேயே முட்டி போட்டு ஒரு முழு ஜெபமாலை சொல்லிவிட்டார். அது முடிகிறவரை நாங்கள் நிமிரவே இல்லை. வீட்டில் பிள்ளைகள் இதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். நவம்பர் பிறந்தால், "அம்மா கல்லறைக்குச் சிரிக்கப் போவுது" என்பார்கள்.

பெரியம்மாவும் போய்ச் சேர்ந்தாள். அதே கல்லறையில், அவர் பக்கத்திலேயே வைத்தோம். அந்த வருஷத் திருநாளுக்கு நானும் என் வீட்டுக்காரரும் மட்டும் போனோம். பூ போட்டேன், மெழுகுவர்த்தி ஏற்றினேன், முட்டி போட்டேன். சொல்லு என்று கேட்க ஆள் இல்லை. நானே மெதுவாகச் சொன்னேன். பாதியிலேயே குரல் போய்விட்டது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். தோள் குலுங்க ஆரம்பித்தது, நிறுத்த முடியவில்லை.

பின்னாலிருந்து அவர் குனிந்து காதோடு சொன்னார்: "மெதுவா சிரிம்மா. ஜனங்க பாக்குது."

வீட்டுக்கு வந்து எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். இன்றைக்கு வரை அந்த மனுஷர் நம்பவில்லை.